செய்தித் தொடரில் நிலமும் வினைமுதலும்: பீமாப்பள்ளித் துப்பாக்கிச்சூட்டை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

ஒரு சமயத்தாரைப் பற்றிய பொதுமக்கள் மனப்பாங்கு நேரடிப் பழக்கத்தால் மட்டும் உருவாவதில்லை. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களுள் இசுலாமியர் 5.86 விழுக்காட்டினர், கேரளத்தில் 26.56 விழுக்காட்டினர், திருவனந்தபுரம் மாவட்டத்தில் ஏறத்தாழ 13.7 விழுக்காட்டினர். அண்டை வீட்டாராக இசுலாமியரை அறிந்திராத வாசகர் பலருக்கு அச்சமயத்தாரைப் பற்றிய அறிவு நாளிதழ், தொலைக்காட்சி ஆகியவற்றின் வழியாகவே வந்து சேர்கிறது. மனிதர் தாம் காணாத உலகைப் பற்றித் தம் உள்ளத்தில் வரைந்துகொள்ளும் படங்களையே உலகமெனக் கொண்டு செயற்படுகின்றனர் என வால்டர் லிப்மன் 1922ஆம் ஆண்டிலேயே விளக்கினார். அப்படங்களை வரைவதில் செய்தியாளரின் பங்கு பெரிது.

மேலைநாட்டு ஊடகங்கள் இசுலாத்தைக் காட்டிய முறையை எட்வர்டு செய்த் 1981இல் தனிநூலாக ஆராய்ந்தார். இதழ்களில் இனச் சிறுபான்மையர் குறிக்கப்படும் பாங்கினைத் தலைப்பு, சொல்லாட்சி, மேற்கோள் ஆகியவற்றின் வழித் தியூன் வான் டைக் 1991இல் ஆராய்ந்தார். தமிழில் இப்பொருள் குறித்து எழுதப்படும் கட்டுரைகள் பெரிதும் செய்தியின் உள்ளடக்கத்தையே நோக்குகின்றன. 'இச்செய்தி உண்மையா, பொய்யா' என்பதே அவற்றின் வினாவாக அமைகிறது. ஆயின், உண்மையான செய்தியும் தொடரமைப்பின் வாயிலாக ஒரு மனப்பாங்கினை உருவாக்க இயலும். அத்தொடரமைப்பினை ஆராயும் கருவிகள் தமிழ் இலக்கண மரபில் உள்ளன. அவற்றைக் கொண்டு, 2009ஆம் ஆண்டு திருவனந்தபுரத்தில் நிகழ்ந்த பீமாப்பள்ளித் துப்பாக்கிச்சூட்டினை மையமாக வைத்துச் செய்தித் தொடரின் போக்கினை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொழின்முதனிலையும் செய்தித் தொடரும்

செய்தி என்பது யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்னும் ஆறு வினாக்களுக்கு விடை தருவதாக அமைதல் வேண்டும் என்று இதழியல் பாடநூல்கள் கற்பிக்கின்றன. தொல்காப்பியர் சொல்லதிகாரத்து வேற்றுமை மயங்கியலில் ஒரு தொழில் நிகழ்தற்குரிய காரணங்களை எட்டாக வகுத்துள்ளார். தொழில், அதனைச் செய்பவர், செய்யப்படும் பொருள், இடம், காலம், கருவி, யாருக்காக என்பது, என்ன பயன் கருதி என்பது ஆகியவை அவை. உரையாசிரியர்கள் இவற்றை வேற்றுமைப் பொருள்களோடு பொருத்தி விளக்குவர்.

இவ்விரு பகுப்புகளையும் ஒப்புநோக்கும்போது ஒரு வேறுபாடு புலப்படுகிறது. இதழியல் கூறும் 'யார்' என்னும் வினா, செய்தவரையும் செய்யப்பட்டவரையும் ஒருங்கே அடக்கிக்கொள்கிறது. 'துப்பாக்கிச்சூட்டில் அறுவர் பலி' என்னும் வாய்பாட்டில் 'யார்' என்பதற்கு 'அறுவர்' என விடை கிடைத்துவிடுகிறது. ஆறு வினாக்களும் நிறைவுற்றதாகச் செய்தியாளர் கருதலாம். தொல்காப்பிய நெறியிலோ இத்தொடர் குறைபட்டு நிற்கிறது. செய்யப்பட்டோர் உளர், செய்தவர் இலர். வினைமுதலையும் செயப்படுபொருளையும் வேறுபிரித்து வினவும் இலக்கண நெறி இதழியலின் அறுவினா நெறியினும் நுட்பமுடையது எனலாம்.

எட்டும் எல்லாத் தொடரிலும் வருதல் வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. வழக்கில் சில குறைந்து வருதலும் உண்டென்பதைத் தொல்காப்பியரே அடுத்துச் சுட்டுகிறார். எனவே, ஒரு தொடரில் ஒன்று குறைந்தது என்பதைக் கொண்டு மட்டும் செய்தியாளரைக் குறைகூறல் பொருந்தாது. ஒரு சமூகத்தாரைப் பற்றிய செய்திகளில் எது தொடர்ந்து குறைகிறது, எது தொடர்ந்து மிகுகிறது என்பதே ஆராயத்தக்கது.

பீமாப்பள்ளி நிகழ்வு

திருவனந்தபுரம் நகரின் கடற்கரையில், விமான நிலையத்தை அடுத்துப் பீமாப்பள்ளி அமைந்துள்ளது. பீமா பீவி, அவர்தம் மகன் மாகீன் அபூபக்கர் ஆகியோரின் அடக்கத்தலம் இங்குள்ளது. ஆண்டுதோறும் நிகழும் சந்தனக்குட விழாவுக்குக் கேரளத்தாரேயன்றித் தமிழ்நாட்டாரும் சமய வேறுபாடின்றி வருகின்றனர். சுற்றி வாழ்வோருள் பெரும்பாலோர் மீன்பிடித் தொழிலைச் சார்ந்த இசுலாமியர். அடுத்துள்ள செறியதுறை இலத்தீன் கத்தோலிக்க மீனவர் வாழும் ஊர். 'சிறிய துறை' என்பதே அவ்வூர்ப் பெயரின் பொருள்.

இரு ஊராரிடையே உள்ளூர் வன்முறையாளர் ஒருவரின் செயல்களால் எழுந்த பூசல் 2009ஆம் ஆண்டு மே மாத நடுவில் முற்றியது. 17.05.2009, ஞாயிற்றுக்கிழமை, காவல்துறை துப்பாக்கியால் சுட்டது. அதில் அறுவர் உயிரிழந்தனர், பலர் காயமுற்றனர். இறந்தோர் அறுவரும் இசுலாமியர். கூட்டம் வன்முறையில் இறங்கியதால் சுட நேர்ந்தது என்பது காவல்துறையின் கூற்று. உரிய ஆணையும் எச்சரிக்கையும் இன்றிச் சுடப்பட்டது என்பது அவ்வூர் மக்களின் கூற்று. நீதிபதி கே. இராமகிருஷ்ணன் தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது.

ஒரு மாநிலத் தலைநகரில், அரசு தலைமைச் செயலகத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், காவல்துறையால் அறுவர் கொல்லப்பட்டது கேரள வரலாற்றில் சிறு நிகழ்வன்று. ஆயினும், அது பொதுநினைவில் பெற்ற இடம் மிகச் சிறிது. இதற்கு மூன்று காரணங்களைச் சுட்டலாம்.

முதலாவது, காலம். அதற்கு முந்தைய நாளான 16.05.2009 அன்றுதான் மக்களவைத் தேர்தல் முடிவுகள் வெளிவந்தன. இதழ்களின் முதற்பக்கங்களும் தொலைக்காட்சியின் நேரமும் வெற்றி தோல்விக் கணக்குகளால் நிறைந்திருந்தன.

இரண்டாவது, முன்பே வரையப்பட்டிருந்த படம். திருட்டுக் குறுந்தகடுகளும் வெளிநாட்டுப் பொருள்களும் விற்கும் சந்தையாகவே பீமாப்பள்ளி செய்திகளில் அறிமுகமாகியிருந்தது. சட்டத்தை மீறும் ஊர் என்னும் படம் வாசகர் உள்ளத்தில் ஏற்கெனவே இருந்தமையால், அங்குக் காவல்துறை சுட்டது என்னும் செய்தி அதிர்ச்சியாக அமையாமல், எதிர்பார்க்கத்தக்கதொரு விளைவாகத் தோன்ற இடமுண்டாயிற்று.

மூன்றாவது, பெயர். அந்நிகழ்வு பெரிதும் 'செறியதுறைத் துப்பாக்கிச்சூடு' என்றே இதழ்களிலும் அரசு வழக்கிலும் வழங்கியது. இறந்தோர் வாழ்ந்த ஊரின் பெயர் நிகழ்வின் பெயரில் இடம்பெறவில்லை. 'பீமாப்பள்ளி வெடிவைப்பு' என்னும் பெயர் அவ்வூர் மக்களாலும், மனித உரிமை ஆர்வலராலும், இசுலாமியர் நடத்திய இதழ்களாலும் வலியுறுத்தப்பட்டே நாளடைவில் நிலைபெற்றது. ஒரு நிகழ்வுக்கு எப்பெயரை இடுவது என்பதே அங்கு ஒரு போராட்டமாக அமைந்தமை குறிப்பிடத்தக்கது.

வினைமுதல் மறையும் முறை

மேற்கண்ட பெயரில் 'வெடிவைப்பு' என்னும் மலையாளச் சொல் துப்பாக்கியால் சுடுதலைக் குறிக்கும். தமிழில் 'வெடி வைத்தல்' என்பது வெடிமருந்தை வைத்து வெடிக்கச் செய்தலைக் குறிக்கும். எனவே மலையாளச் செய்தியைத் தமிழாக்குவோர் அச்சொல்லை அவ்வாறே எடுத்தாளின் பொருள் திரிந்து, சுடப்பட்டவரே வெடி வைத்தவராகத் தோன்றும் இடர் உண்டு. இரு மொழிச் செய்திகளையும் ஒப்பிடுவோர் கருத்திற்கொள்ள வேண்டிய வேறுபாடு இது.

இதனினும் இன்றியமையாத வேறுபாடு வினைமுற்றில் உள்ளது. தமிழ் வினைமுற்று திணை, பால், எண், இடம் காட்டும் விகுதியை உடையது. 'சுட்டனர்' என்றவுடன் சுட்டவர் பலர், உயர்திணையினர், படர்க்கையினர் என்பது பெறப்படும். எழுவாய் தோன்றாவிடினும் வினைமுதல் விகுதியில் நிற்கும். மலையாளமோ இவ்விகுதிகளை இழந்த மொழி. இவ்விழப்பினை ஏ. ஆர். இராசராச வர்மா தம் 'கேரள பாணினீய'த்தில் தமிழிலிருந்து மலையாளம் வேறுபட்ட ஆறு நெறிகளுள் ஒன்றாக வைத்துப் 'புருஷபேத நிராசம்' என வழங்கினார். ஆகவே மலையாளத்தில் எழுவாயை விடுத்தால் வினைமுற்றிலிருந்து செய்தவரை அறிய இயலாது.

தமிழ்ச் செய்தியாளர் வினைமுதலை மறைக்க வேண்டுமாயின் வினைமுற்றையே விடுதல் வேண்டும். 'துப்பாக்கிச்சூடு', 'தடியடி', 'மோதல்', 'பலி' ஆகிய தொழிற்பெயர்களும் பெயர்ச்சொற்களும் தலைப்புகளில் மிகுவதற்கு இடச்சுருக்கம் மட்டும் காரணமன்று எனக் கருத இடமுண்டு. 'துப்பாக்கிச்சூட்டில் பலி' என்னும் தொடரில் கருவி வினைமுதலின் இடத்தைப் பெறுகிறது. துப்பாக்கி இருக்கிறது, அதனை ஏந்திய கை இல்லை. 'பலி' என்னும் சொல்லோ தெய்வத்துக்குப் படைத்தலைக் குறித்து, விபத்தில் இறத்தலுக்கும் கொல்லப்படுதலுக்கும் பொதுவாகிவிட்ட ஒன்று. பேருந்து கவிழ்ந்து இறந்தவரும் காவலரால் சுடப்பட்டவரும் இச்சொல்லால் ஒரு தன்மையராகிவிடுகின்றனர்.

இம்முறை இசுலாமியர்க்கு மட்டும் உரியதன்று. காவல்துறைத் துப்பாக்கிச்சூடு எங்கு நிகழினும் இவ்வாய்பாடே ஆளப்படுகிறது. அதற்குரிய காரணத்தை ஸ்டூவர்ட் ஹாலும் அவருடன் ஆய்ந்தோரும் 1978இல் வெளியிட்ட நூலில் காணலாம். நிகழ்வுக்கு முதன்முதலில் பொருள் கூறுவோர் காவல்துறை, அரசு, நீதிமன்றம் போன்ற அதிகார நிறுவனத்தினரே. செய்தியாளர் அப்பொருளை ஏற்றே மேற்செல்கின்றனர் என்பது அவர்தம் முடிபு. எனவே வினைமுதல் மறைதல் என்பது அதிகாரத்துக்கும் செய்திக்கும் உள்ள பொது உறவினைக் காட்டுவது. இசுலாமியரைப் பொறுத்த தனிநிலையை அறிய, அவர்கள் குற்றஞ்சாட்டப்படும் செய்திகளோடு இதனை ஒப்பிடுதல் வேண்டும்.

பரவியதும் பரப்பியதும்

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் தில்லி நிசாமுத்தீன் பகுதியில் நிகழ்ந்த தப்லீக் ஜமாஅத் கூட்டத்தில் பங்கேற்றோர் சிலர்க்குக் கொரோனா தொற்று இருந்தது உண்மை. அவர்கள் பல மாநிலங்களுக்குத் திரும்பியமையால் தொற்று பரவியதும் உண்மை. தமிழ்நாட்டில் அவ்வாண்டு ஏப்ரல் மாத முதற்பகுதியில் பதிவான தொற்றுகளுள் மிகப்பல இக்கூட்டத்தோடு தொடர்புடையனவாக அறிவிக்கப்பட்டன. நாள்தோறும் எண்ணிக்கையோடு கூட்டத்தின் பெயரும் சேர்த்துச் சொல்லப்பட்டது. பின்னர் அரசு அறிவிப்புகளில் அப்பெயர் தவிர்க்கப்பட்டு 'ஒரே மூலம்' என்னும் பொருள்தரும் சொல் ஆளப்பட்டது. நோயுற்றோரைச் சமயம், இனம் சார்ந்து இழித்துரைத்தல் கூடாதென நடுவண் நலவாழ்வு அமைச்சகமும் 08.04.2020 அன்று அறிவுறுத்தியது.

இங்கு நோக்கத்தக்கது வினைச்சொல்லின் வகை. 'பரவு' என்பது தன்வினை; 'பரப்பு' என்பது பிறவினை. 'தொற்று பரவியது' எனின் வினைமுதல் தொற்று. 'தொற்றைப் பரப்பினர்' எனின் வினைமுதல் மனிதர். ஒரே மெய்யொலியின் மாற்றம் நோயாளியைக் குற்றவாளியாக்கிவிடுகிறது. திருமண வீடுகள், சந்தைகள், கோயில் விழாக்கள் ஆகியவற்றின் வாயிலாகத் தொற்று 'பரவியது' என எழுதுவதே பொதுவழக்கு. தப்லீக் கூட்டத்தைப் பற்றிய செய்திகளிலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் 'பரப்பினர்' என்னும் பிறவினை பெருவழக்காயிற்று. தன்வினையைப் பிறவினையாக்கும்போது செய்பவரின் உள்நோக்கமும் உடன் வந்துவிடுகிறது.

கூட்டத்தில் பங்கேற்ற வெளிநாட்டார் மீதான வழக்குகளை மும்பை உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் கிளை 21.08.2020 அன்று நீக்கியது. அவர்கள் பலியாடுகளாக்கப்பட்டனர் என்பதையும், அச்சு, மின்னணு ஊடகங்கள் அவர்களுக்கு எதிராகப் பெரும் பரப்புரை செய்தன என்பதையும் அத்தீர்ப்பு சுட்டியது. தில்லி நீதிமன்றம் ஒன்று 15.12.2020 அன்று 36 வெளிநாட்டாரை விடுவித்தது. பிறவினையால் ஏற்றப்பட்ட குற்றத்தை நீதிமன்றங்கள் நீக்கிய போதும், ஏப்ரல் மாதத்துத் தலைப்புகள் வாசகரிடம் சேர்ந்த அளவுக்கு இத்தீர்ப்புகள் சேரவில்லை.

பீமாப்பள்ளிச் செய்தியையும் இதனையும் இணைத்து நோக்கின் ஒரு முறைமை புலனாகிறது. இசுலாமியர் உயிரிழக்கும்போது தொடர் தன்வினையாகவோ தொழிற்பெயராகவோ அமைகிறது, குற்றஞ்சாட்டப்படும்போது பிறவினையாகிறது. முன்னதில் வினைமுதல் மறைகிறது. பின்னதில் வினைமுதல் மிகுகிறது.

நிலப்பெயர் நீங்கலும் ஏறலும்

இதே முறைமையை நிலப்பெயரிலும் காணலாம். 27.05.2020 அன்று கேரளத்தின் வெள்ளியாற்றில் கருவுற்ற யானை ஒன்று இறந்தது. காட்டுப்பன்றிகளை விலக்க வெடிமருந்து பொதிந்து வைக்கப்பட்ட காயையோ கனியையோ கடித்து அதன் வாய் சிதைந்திருந்தது. நிகழ்ந்த இடம் பாலக்காடு மாவட்டத்து மண்ணார்க்காடு வனக்கோட்டம். ஆயின், இந்திய அளவில் வெளியான செய்திகள் பலவற்றில் இடம் மலப்புரம் எனக் குறிக்கப்பட்டது. நடுவண் அமைச்சர் ஒருவரும் அவ்வாறே குறிப்பிட்டார். மக்களவை உறுப்பினர் ஒருவர் மலப்புரம் மாவட்டத்தையே குற்றங்கள் மலிந்த இடமாகச் சித்திரித்துப் பேசினார். 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி மலப்புரம் மாவட்ட மக்களுள் 70.24 விழுக்காட்டினர் இசுலாமியர் என்பது இங்கு நினைக்கத்தக்கது.

யானையின் இறப்பை முதலில் வெளிப்படுத்திய வனத்துறை அலுவலர் மலப்புரத்துடன் தொடர்புடையவராதலின் இப்பிழை நேர்ந்திருக்கலாம். பிழை நேர்தல் இயல்பு. ஆயின், அப்பிழை நாடெங்கும் விரைந்து ஏற்கப்பட்டதும், திருத்தம் வெளிவந்த பின்னரும் வழங்கியதும் இயல்பெனக் கொள்ளத்தக்கன அல்ல. கொடுஞ்செயல் ஒன்று இசுலாமியர் மிக்க ஊரின் பெயரோடு சேரும்போது வாசகர் உள்ளத்துப் படத்தோடு அது எளிதில் பொருந்திவிடுகிறது. பொருந்துவதைச் சரிபார்க்க எவரும் முனைவதில்லை.

பீமாப்பள்ளியில் இசுலாமியர் இறந்தனர். அவ்வூரின் பெயர் நிகழ்விலிருந்து நீங்கியது. வெள்ளியாற்றில் யானை இறந்தது. நிகழ்வுக்குத் தொடர்பில்லாத மலப்புரத்தின் பெயர் வந்து ஏறியது. இழப்பு நேரும்போது நிலம் மறைக்கப்படுவதும், பழி நேரும்போது நிலம் சுட்டப்படுவதும் ஒரே நோக்கின் இருபுறங்கள் எனத் துணியலாம்.

காலத்தின் தொடக்கம்

ஒரு நிகழ்வை எந்நாளிலிருந்து சொல்லத் தொடங்குவது என்பதும் மனப்பாங்கினை அமைக்கிறது. கோயம்புத்தூரில் 14.02.1998 அன்று நிகழ்ந்த தொடர் குண்டுவெடிப்பில் 58 பேர் உயிரிழந்தனர். அது மன்னிக்கவியலாத கொடுஞ்செயல். அதற்கு முன், 1997 நவம்பர் இறுதியில் காவலர் ஒருவர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து மூண்ட கலவரத்திலும் காவல்துறைத் துப்பாக்கிச்சூட்டிலும் இசுலாமியர் 18 பேர் உயிரிழந்தனர். முன்னது ஆண்டுதோறும் நினைவுகூரப்படுகிறது. பின்னது ஆய்வாளர் எழுத்திலும் அக்குடும்பத்தார் நினைவிலும் மட்டும் எஞ்சியுள்ளது. பின்னதைச் சொல்வது முன்னதற்கு நியாயம் கற்பிப்பதாகாது. காலத்தைப் பாதியில் தொடங்கும் செய்தி, ஒரு சமூகத்தாரின் வன்முறையைக் காரணமற்ற இயல்பாகக் காட்டிவிடும் என்பதே ஈண்டுச் சுட்டப்படுவது.

இவ்வழக்கில் கேரள அரசியல் தலைவர் அப்துல் நாசர் மதனி 1998 மார்ச்சு இறுதியில் கைது செய்யப்பட்டு, ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் சிறையிலிருந்து, 01.08.2007 அன்று குற்றமற்றவரென விடுவிக்கப்பட்டார். பின்னர் 2010இல் பெங்களூர் வழக்கொன்றில் மீண்டும் கைதானார். அவ்விரண்டாம் கைதுச் செய்திகளில் அவரது முன்னைய சிறைவாசம் நினைவூட்டப்பட்ட அளவுக்கு முன்னைய விடுதலை நினைவூட்டப்பட்டதா என்பது தனித்து ஆராயத்தக்கது.

வினைக்குப் பெயர் படைத்தல்

எட்டனுள் முதலாவதான வினையையே புதிதாகப் படைத்துவிடும் ஆற்றலும் செய்திமொழிக்கு உண்டு. 2009ஆம் ஆண்டு கேரள, கருநாடகச் செய்திகளில் 'லவ் ஜிகாத்' என்னும் தொடர் பரவலாயிற்று. ஆங்கிலச் சொல்லும் அரபுச் சொல்லும் புணர்ந்த இத்தொடர் மலையாளத்திலும் தமிழிலும் மொழிபெயர்க்கப்படாமலே வழங்கியது. மொழிபெயர்த்திருப்பின் அதன் பொருளின்மை வெளிப்பட்டிருக்கும். கேரள உயர்நீதிமன்றம் அவ்வாண்டு இதுபற்றி அறிக்கை கேட்டது. அத்தகைய அமைப்பு இயங்குவதற்குச் சான்றில்லை என மாநிலக் காவல்துறைத் தலைவர் தெரிவித்தார். நடுவண் உள்துறை இணையமைச்சர் 04.02.2020 அன்று மக்களவையில் அளித்த விடையில், அச்சொல் சட்டத்தில் வரையறுக்கப்படவில்லை என்பதையும், நடுவண் முகமைகள் அத்தகைய வழக்கு எதனையும் தெரிவிக்கவில்லை என்பதையும் குறிப்பிட்டார்.

பெயர் நிலைத்துவிட்டமையால் பொருள் இருந்தாக வேண்டும் என்னும் எண்ணமும் நிலைத்தது. 2016ஆம் ஆண்டு காசர்கோடு, பாலக்காடு ஆகிய மாவட்டங்களிலிருந்து ஏறத்தாழ இருபது பேர் ஐ.எஸ். இயக்கத்தை நாடி ஆப்கானித்தானம் சென்றது மெய்ந்நிகழ்வு. சமயம் மாறிய பெண்டிர் சிலரும் அவர்களுள் இருந்தனர். அது செய்தியாக்கப்பட வேண்டியதே. ஆயின், 2023இல் வெளிவந்த 'தி கேரளா ஸ்டோரி' திரைப்படத்தின் முன்னோட்டம் 32,000 பெண்கள் என்னும் தொகையை முன்வைத்தது. எதிர்ப்பு எழுந்தபின் அம்முன்னோட்ட விளக்கத்தில் அத்தொகை மூவரென மாற்றப்பட்டது. அத்தொகைக்கு நம்பத்தக்க தரவில்லை என்னும் அறிவிப்பைப் படத்தில் சேர்க்க வேண்டிய நிலை 18.05.2023 அன்று உச்சநீதிமன்றத்தில் உண்டாயிற்று. முப்பத்தீராயிரம் என்னும் எண்ணை அன்று பலர் நம்புதற்குரிய களத்தைப் பதினான்கு ஆண்டுகளாகச் செய்திகள் உழுது வைத்திருந்தன எனலாம்.

மறுப்புகளும் விடைகளும்

இங்குக் கூறப்பட்டவற்றுக்கு மறுப்பாக இரு கருத்துகளை முன்வைக்க இயலும்.

வகுப்புப் பூசல் செய்திகளில் சமயப் பெயரைத் தவிர்த்து 'இரு பிரிவினர்' என எழுதுதல் இந்திய இதழியலில் நெடுநாள் மரபு. பகை பெருகாமல் காத்தலே அதன் நோக்கம். இந்தியப் பத்திரிகை மன்றத்தின் நெறிகளும் இத்தகைய செய்திகளில் கவனத்தை வலியுறுத்துகின்றன. பீமாப்பள்ளி என்னும் பெயர் தவிர்க்கப்பட்டது இந்நன்னோக்கத்தாலேயே என வாதிடலாம். இவ்வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. ஆயின், அம்மரபு இரு சமூகத்தார் ஒருவரையொருவர் தாக்கும் நிகழ்வுக்கு உரியது. பீமாப்பள்ளியில் சுட்டது காவல்துறை. 'இரு பிரிவினர் மோதல்' எனச் செய்தி தொடங்குமாயின், அது அமைதியைக் காப்பதைவிடச் சுட்டவரைக் காப்பதிலேயே முடியும். மேலும், அம்மரபு யானையின் இறப்பிலும் தொற்றின் பரவலிலும் ஏன் பின்பற்றப்படவில்லை என்னும் வினாவுக்கு விடையில்லை.

ஊடகங்கள் அனைத்தும் ஒரு தன்மையன அல்ல என்பது மற்றொரு மறுப்பு. இதுவும் உண்மையே. 1934இல் தொடங்கப்பெற்ற 'சந்திரிகா', 1987இல் தொடங்கப்பெற்ற 'மாத்தியமம்' ஆகிய இதழ்கள் கேரளத்தில் இசுலாமியர் குரலுக்கு இடமளித்து வந்துள்ளன. ஆயின், இறந்தவர் சார்ந்த சமூகத்தின் இதழ்களே அவர்தம் துயரை எழுத வேண்டும் என்னும் நிலை, ஒரு செய்தி பொதுச்செய்தி ஆகவில்லை என்பதற்கே சான்றாகிறது.

இவ்விடத்தில் திருவனந்தபுரத்து இதழியல் வரலாறு ஒன்றை எண்ணுதல் தகும். வக்கம் அப்துல் காதர் மௌலவி 1905இல் அஞ்சுதெங்கில் 'சுதேசாபிமானி' இதழைத் தொடங்கினார். 1906இல் கே. இராமகிருஷ்ண பிள்ளை ஆசிரியப் பொறுப்பேற்றார். திவானின் ஆட்சியைக் கடுமையாகக் கண்டித்தமையால் 26.09.1910 அன்று அச்சகம் பறிமுதல் செய்யப்பட்டது. ஆசிரியர் நாடுகடத்தப்பட்டுத் திருநெல்வேலிக்குக் கொண்டுசெல்லப்பட்டார். ஆட்சியாளரை அஞ்சாது எழுதும் உரிமையை ஆசிரியருக்கு முழுமையாக விட்டுக்கொடுத்து, அதன்பொருட்டுத் தம் அச்சகத்தையே இழந்தவர் மௌலவி. ஆயினும் 'சுதேசாபிமானி' என்னும் பெயர் பொதுவழக்கில் ஆசிரியரின் அடைமொழியாகவே நின்றுவிட்டது. கேரளத்தில் இசுலாமியர் செய்திக்குப் பொருளானவர் மட்டுமல்லர். செய்தி உரிமையை நிலைநாட்டியவரும் ஆவர் என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.

ஆக்க இலக்கியமும் திரைப்படமும்

செய்தி விட்டுச்சென்ற இடத்தை ஆக்கப் படைப்புகள் நிரப்புதல் உண்டு. திருவனந்தபுரத்துக்குத் தெற்கே தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்த தோப்பில் முகமது மீரான், மலையாளமும் தமிழும் கலந்து வழங்கும் கடலோர இசுலாமியர் வாழ்வைத் தம் புதினங்களில் படைத்தார். 'கூனன் தோப்பு' கடலோர மக்களிடையே மூளும் கலவரத்தை மையமாக உடையது. 'இரு பிரிவினர்' எனச் செய்தி சுருக்கிவிடும் மனிதரைப் பெயரும் வறுமையும் அச்சமும் உடையவராக அப்புதினம் காட்டுகிறது. தம் சமூகத்து ஆதிக்கத்தையும் அறியாமையையும் கடுமையாக விமரிசித்தவர் மீரான் என்பது குறிப்பிடத்தக்கது. குறைகளை மறைக்காமலே ஒரு சமூகத்தை முழுமனிதராகக் காட்ட இயலும் என்பதற்கு அவர் படைப்புகள் சான்று.

2021 சூலையில் வெளிவந்த, மகேஷ் நாராயணன் இயக்கிய 'மாலிக்' என்னும் மலையாளத் திரைப்படம் பீமாப்பள்ளியை ஒத்த கற்பனை ஊரொன்றைக் களமாகக் கொண்டது. பன்னிரண்டு ஆண்டுகளாகப் பெரிதும் பேசப்படாத நிகழ்வு இதனால் மீண்டும் பேசுபொருளாயிற்று. அதேவேளையில், கடத்தலும் படைக்கலமும் நிறைந்த ஊராகப் படம் காட்டியது என்பதும், அன்றைய ஆட்சியின் பொறுப்பைத் தெளிவுறுத்தவில்லை என்பதும் கடும் விமரிசனத்துக்குள்ளாயின. செய்தி வரைந்த படம் கலைப்படைப்பிலும் தொடர்ந்து வாழ்கிறது என்பதையே இவ்விவாதம் புலப்படுத்தியது.

முடிவுரை

செய்தி ஊடகங்கள் இசுலாமியச் சிறுபான்மையரைப் பற்றிய மனப்பாங்கினைப் பொய்ச்செய்தியால் மட்டும் உருவாக்குவதில்லை. வினைமுதலை மறைத்தும் மிகுத்தும், தன்வினையைப் பிறவினையாக்கியும், நிலப்பெயரை நீக்கியும் ஏற்றியும், காலத்தைப் பாதியில் தொடங்கியும், இல்லாத வினைக்குப் பெயர் படைத்தும் உருவாக்குகின்றன. இம்மாற்றங்கள் தனித்தனியே நோக்கும்போது சிறியன. ஒருசேர நோக்கும்போது திசை உடையன. இசுலாமியர் இழப்புக்குள்ளாகும்போது பெயரற்றவராகவும், குற்றஞ்சாட்டப்படும்போது பெயர் மிக்கவராகவும் ஆக்கப்படுகின்றனர்.

பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளில் இதழியல் ஒரு பாடமாகப் பயிற்றப்படுகிறது. தலைப்பைச் சுருக்கமாக எழுதும் முறை அங்குக் கற்பிக்கப்படுகிறது. சுருக்கத்தில் யார் மறைகின்றார் என்பது கற்பிக்கப்படுவதில்லை. வேற்றுமை மயங்கியல் வேறொரு வகுப்பில், தேர்வுக்குரிய நூற்பாவாக நின்றுவிடுகிறது. இவ்விரு வகுப்புகளையும் இணைத்து, அன்றாட நாளிதழின் தொடர்களை மாணவர் முன் வைத்து, எட்டனுள் எது குறைகிறது, எது மிகுகிறது என வினவச் செய்தல் இயலும். மலையாளச் செய்தியையும் தமிழ்ச் செய்தியையும் அருகருகே வைத்துக் காணும் வாய்ப்புடைய கேரளத் தமிழ்த்துறைகள் இப்பணிக்கு மிகவும் ஏற்றவை.

பீமாப்பள்ளியில் இறந்தோர் அறுவர். அவர்களைச் சுட்டவர் யார், யாருடைய ஆணையால், எவ்விடத்தில், எதன்பொருட்டு என்னும் வினாக்கள் இலக்கண வினாக்களாகத் தோன்றினும், அவை நீதியின் வினாக்களே ஆகும்.